நூற்றுக்கு ஐந்து என்றீர்கள், வந்தது 32 பைசா

அனுப்புநர்
உங்கள் கேஷ்பேக் கார்டு வாடிக்கையாளர்,
காங்கேயம், திருப்பூர் மாவட்டம்.

பெறுநர்
குறைதீர்ப்பு அலுவலர் அவர்கள்,
கிரெடிட் கார்டு பிரிவு.

பொருள்: மே மாத ஸ்டேட்மென்ட்டில் கேஷ்பேக் குறைவாகப் போட்டிருப்பதும், அதை வரவு வைக்க ரிடெம்ப்ஷன் கட்டணம் என்று சொல்லாமல் பிடித்திருப்பதும் தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். கோயம்புத்தூரில் ஒரு பஞ்சாலையில் 31 வருடம் கூலிப் பட்டியல் போட்டு ஓய்வு பெற்றவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் கால் சென்டரில் மூன்று முறை பேசியபோதும், எனக்குக் கணக்குப் புரியவில்லை என்ற எண்ணத்திலேயே பதில் சொன்னார்கள். கணக்கு எனக்குப் புரியும். நீங்கள் அதைக் காட்டவில்லை என்பதுதான் என் புகார்.

போன வருடம் கார்டு எழுத வீட்டுக்கு வந்த தம்பி, "மளிகை எங்க வாங்குனாலும் நூத்துக்கு அஞ்சு ரூவா திரும்பி வந்துருங்கய்யா, மத்ததுக்கு ஒண்ணு" என்றார். மளிகைக்கு மாதம் 500 ரூபாய்தான் உச்சவரம்பு என்பதை அவர் சொல்லவில்லை. நானே விதிமுறையில் படித்துக்கொண்டேன். அதில் எனக்குக் குறையில்லை. வருடக் கட்டணம் 999 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 1,178 ரூபாய் 82 காசு, அதையும் கட்டியாயிற்று.

வழக்கமாக இந்தக் கார்டில் மாதம் பத்துப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் போகாது. இந்த மே மாதம் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீர் நான் செய்ய வேண்டியது. அதனால் ஒரே ஸ்டேட்மென்ட்டில் 86,907 ரூபாய் ஏறியது. அதற்கு நீங்கள் கொடுத்த கேஷ்பேக் 397 ரூபாய். எந்தச் செலவுக்கு எவ்வளவு என்று ஒரு வரிகூட இல்லை. "மொத்தம் 397", அவ்வளவுதான். ஆப்பையும் பில்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு நாள் சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து பிரித்துப் பார்த்தேன்.

நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் உள்ள சூப்பர் மார்க்கெட்டில் 1,190 ரூபாய்க்கு வாங்கியதற்கு 55 ரூபாய் வந்திருக்கிறது. 59 ரூபாய் 50 காசு வர வேண்டும் என்று நினைத்தேன். நூறு நூறாகத்தான் எண்ணுவீர்கள், மிச்சம் 90 ரூபாய் கணக்கில் வராது என்று பிறகு தெரிந்தது. சரி, விதியில் இருக்கிறது, விட்டுவிடுகிறேன்.

அரிசி ஆலையில் இரண்டு சிப்பம் பொன்னி, 2,840 ரூபாய். இதற்கு வந்தது 28. ஈரோட்டில் கல்யாணத்துக்கு வாங்கிய பருப்பு, சர்க்கரை, எண்ணெய், முந்திரி எல்லாம் சேர்த்து 18,460 ரூபாய். வந்தது 184. இரண்டுக்கும் ஐந்து சதவீதம் இல்லாமல் ஒரு சதவீதம் போட்டிருக்கிறீர்கள். ஏன் என்று கேட்டதற்கு, மூன்றாவது முறைதான் ஒரு பெண் பொறுமையாக விளக்கினார். ஒவ்வொரு கடையின் ஸ்வைப் மெஷினுக்கும் நான்கு இலக்கத்தில் ஒரு வகை எண் உண்டாம். மளிகைக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் 5411. அந்த எண் இருந்தால்தான் உங்கள் கம்ப்யூட்டர் அதை மளிகை என்று ஏற்றுக்கொள்ளுமாம். அரிசி ஆலை வேறு எண்ணில் இருக்கிறதாம், ஈரோட்டுக் கடை மொத்த வியாபாரத்தில் இருக்கிறதாம்.

அரிசி மளிகை இல்லையென்றால் வேறென்ன என்று அந்தப் பெண்ணிடம் கேட்டுப் பிரயோஜனமில்லை, அதனால் கேட்கவில்லை. ஆனால் மறுநாள் ஆலைக்கே போய், கல்லாவில் இருந்தவரிடம் மெஷினுக்கு என்ன எண் என்று விசாரித்தேன். "அதெல்லாம் நமக்கென்னங்க தெரியும், பேங்க்காரங்க வெச்சுப்போட்டுப் போனாங்க" என்றார். கடைக்காரருக்கே தெரியாத எண் எனக்கு எப்படித் தெரியும்? பில்லில் இல்லை. எஸ்எம்எஸ்ஸில் இல்லை. உங்கள் ஸ்டேட்மென்ட்டிலும் இல்லை. ஆனால் கேஷ்பேக் முழுக்க அந்த எண்ணை வைத்துத்தான். வாங்கிய பிறகும்கூடக் காட்டாத ஒன்றை வைத்து எனக்குக் குறைத்தால், அதை நான் எப்படிச் சரிபார்ப்பது?

மில்லில் சம்பளச் சீட்டில் ஷிஃப்ட் எத்தனை, ஓவர்டைம் எத்தனை, பி.எஃப். எவ்வளவு பிடித்தது என்று வரி வரியாக இருக்கும். ஐம்பது பைசா குறைந்தாலும் ஆள் ஜன்னலுக்கு வந்து நிற்பார். பேரேட்டைத் திருப்பிக் காட்டினால் பேசாமல் போய்விடுவார், அல்லது என் தப்பை நான் திருத்துவேன். "விதிமுறைகளின்படி சரியாகக் கணக்கிடப்பட்டுள்ளது" என்று நீங்கள் மெயிலில் அனுப்பிய பதிலை நான் அந்த ஜன்னலில் சொல்லியிருந்தால், அன்றைக்கே வேலைநிறுத்தம் நடந்திருக்கும்.

மீதிச் செலவுகளையும் சொல்லிவிடுகிறேன். தோடு வாங்கிய 46,000 ரூபாய்க்குக் கேஷ்பேக் இல்லை, நகை விலக்குப் பட்டியலில் இருக்கிறது. கரண்ட் பில் 3,412 ரூபாய்க்கும் இல்லை. பெட்ரோல் 2,000 ரூபாய்க்கும் இல்லை. பெட்ரோலுக்குக் கூடுதலாகப் போட்ட ஒரு சதவீத சர்சார்ஜ் 20 ரூபாயைத் திருப்பித் தந்துவிட்டீர்கள், ஆனால் அதன் மேல் போட்ட ஜிஎஸ்டி 3 ரூபாய் 60 காசு திரும்பவில்லை. இரண்டு லட்சம் செலவு செய்தால் வருடக் கட்டணம் தள்ளுபடி என்றீர்கள், இந்த மூன்றும் அந்த இலக்கிலும் சேராதாம். இவை எல்லாம் விதியில் இருப்பதால் இவற்றின் மேல் எனக்குப் புகார் இல்லை. அந்தப் பட்டியலைப் படிக்காமல் தோடு வாங்கியது என் தப்பு.

சீர்ப் புடவை கோயம்புத்தூர் ஒப்பணக்கார வீதியில் எடுத்தோம். 12,750 ரூபாய். கார்டு என்றதும் கடைக்காரர் இரண்டு சதவீதம் சேர்த்துக் கேட்டார். முகூர்த்த நேரக் கூட்டம், பின்னால் வரிசை, வாக்குவாதம் செய்ய மனமில்லாமல் 13,005 கொடுத்தேன். நீங்கள் தந்தது 130, நான் கூடுதலாகக் கொடுத்தது 255. இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் உறைத்தது. கார்டு தேய்த்தால் கடைக்காரர் தன் வங்கிக்கு ஒரு கழிவு கொடுக்கிறார், அதில் பெரும்பகுதி கார்டு கொடுத்த உங்களுக்கு வருகிறது, அதிலிருந்து ஒரு துளிதான் கேஷ்பேக். கடைசியில் அந்தப் பணம் என் பையிலிருந்தே போகிறது. அன்றைக்குப் பேங்க் கணக்கிலிருந்து யூபிஐயில் கொடுத்திருந்தால் கடைக்காரருக்குக் கழிவே கிடையாது, 2020 ஜனவரியிலிருந்து அப்படித்தான். 255 ரூபாய் மிச்சமாகியிருக்கும். இதில் உங்கள் தப்பு ஒன்றுமில்லை, ஆதங்கத்தில் எழுதுகிறேன்.

இனி உங்கள் தப்புக்கு வருகிறேன். அந்த 397 ரூபாயைக் கணக்கில் வரவு வைக்க 99 ரூபாய் ரிடெம்ப்ஷன் கட்டணம், அதற்கு ஜிஎஸ்டி, ஆக 116 ரூபாய் 82 காசு பிடித்திருக்கிறீர்கள். ஏப்ரல் வரை இந்தக் கட்டணம் இல்லை. எனக்கு எஸ்எம்எஸ்ஸோ மெயிலோ வரவில்லை. கட்டணங்களை மாற்றுவதானால் குறைந்தது ஒரு மாதம் முன்னால் அறிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் கார்டு வழிகாட்டுதலில் இருக்கிறது.

ஆகக் கையில் நின்றது 280 ரூபாய் 18 காசு, நூறு ரூபாய்க்கு 32 பைசா. புடவைக் கடையின் 255-ஐயும் பெட்ரோல் ஜிஎஸ்டியையும் கழித்தால் 21 ரூபாய் 58 காசு. வருடக் கட்டணத்தை இதில் நான் சேர்க்கவே இல்லை. நல்லவேளை, கெடு தேதிக்குள் முழுத் தொகையையும் கட்டிவிட்டேன். உங்கள் வட்டி மாதத்துக்கு மூன்றரை சதவீதம். இந்த 86,907 ரூபாய் ஒரே ஒரு மாதம் நின்றிருந்தால் வட்டியும் ஜிஎஸ்டியும் சேர்ந்து ஏறத்தாழ 3,589 ரூபாய். இதே 280 ரூபாய் பன்னிரண்டு மாதம் வந்தாலும் அதை ஈடுகட்டாது.

நான் கேட்பது இதுதான். மே மாதத்தின் ஒவ்வொரு செலவுக்கும் எந்த வகை எண், எத்தனை சதவீதம், எவ்வளவு கேஷ்பேக் என்று எழுத்தில் கொடுங்கள். அரிசியும் மளிகைச் சாமானும் ஐந்து சதவீதத்தில் சேர்ந்தால், உச்சவரம்பு 500-ம் புடவைக்கு 130-ம் ஆக 630 வர வேண்டும். 397 போக மீதி 233 ரூபாயையும், அறிவிக்காமல் பிடித்த 116 ரூபாய் 82 காசையும் வரவு வையுங்கள். இல்லை, அந்த இரண்டு கடையும் மளிகை இல்லை என்பதுதான் உங்கள் முடிவென்றால், அந்த எண்களைக் காட்டிவிடுங்கள், 233-ஐக் கேட்பதை விட்டுவிடுகிறேன். ரிடெம்ப்ஷன் கட்டணத்தை விடமாட்டேன்.

30 நாளில் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போவேன். பதில் வந்தபின் கார்டை வைத்திருப்பதா, மூடுவதா என்று முடிவு செய்வேன். பாக்கி இல்லாத கார்டை மூடச் சொன்னால் ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதமானால் நாளுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்பதும் அதே வழிகாட்டுதலில் இருக்கிறது. உங்கள் கேஷ்பேக்கைவிட அது நல்ல வருமானமாகத் தெரிகிறது.

மே ஸ்டேட்மென்ட் நகலும் நான்கு கடைகளின் பில் நகல்களும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாடிக்கையாளர்,
காங்கேயம்.