காபி வாங்காமல் உட்கார ஓர் இடம்: வல்லெட்டா நகரப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். மால்டாவின் தலைநகரான வல்லெட்டாவில், காபிக்கடைகளும் உணவகங்களும் தெருவெல்லாம் மேசை நாற்காலி போட்டு வைத்திருக்கும் விவகாரம் உங்களுக்குப் புதிதல்ல. உங்கள் ஊர்க்காரர்களே சொல்லி அலுத்துப்போன சங்கதி. நான் மூன்று நாள் தங்கிப் போனவன்தான். ஆனால் முழங்கால் தேய்ந்த எழுபத்திரண்டு வயது அம்மாவோடு வந்தவன்.

ஊர் அழகில் ஒரு குறையும் இல்லை. துறைமுகத்திலிருந்து 58 மீட்டர் லிஃப்டில் ஏறி, அப்பர் பராக்கா தோட்டத்தில் நின்றோம். பன்னிரண்டு மணிக்குப் பீரங்கி முழங்கியதும் அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அங்கே பெஞ்சு இருந்தது, நிழலும் இருந்தது. இல்லையென்று சொல்ல மாட்டேன். தோட்டத்தை விட்டு வெளியே வந்த பிறகுதான் தொல்லை.

குன்றின் முதுகில் 1566-ல் கோடு கிழித்துக் கட்டிய ஊர் உங்களுடையது. தெரு வளையாது, நேராக ஏறும், நேராக இறங்கும், முடியாத இடத்தில் படிக்கட்டாகிவிடும். மெர்ச்சன்ட்ஸ் தெருவில் காலியாகக் கிடந்த நாற்காலி ஒன்றில் அம்மா உட்கார்ந்தார். உடனே மெனு அட்டை வந்தது. பணியாளர் மரியாதையாகத்தான் பேசினார்: ஏதாவது வாங்கினால் உட்காரலாம். சரி, ஒரு காபி. கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கால்வலி, மறுபடி காபி. சர்க்கரை நோய் உள்ள அம்மா சாயங்காலத்துக்குள் மூன்று காபி வாங்கினார். மூன்றிலும் பாதி மிச்சம். அப்புறம் கழிப்பறை தேடி அலைந்தது தனிக் கதை, அதற்கு வேறு மடல் எழுத வேண்டும்.

நாலாவது காபிக்கு அவர் சம்மதிக்கவில்லை. செயின்ட் உர்சுலா தெருப் படியிலேயே கைக்குட்டையை விரித்து உட்கார்ந்துவிட்டார். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒதுங்கிப் போக, ஒவ்வொருவரிடமும் தனக்குத் தெரிந்த ஒரே ஆங்கில வார்த்தையில் "ஸாரி, ஸாரி" என்றுகொண்டிருந்தார். கால் வலித்ததற்கு ஊரிடம் மன்னிப்பு! எதிர் வீட்டுக் கதவு திறந்தது. அம்மாவைவிட மூத்த ஒரு பாட்டி, சமையலறை நாற்காலி ஒன்றைத் தூக்க முடியாமல் தூக்கி வந்தார். இருவரும் முழங்காலைத் தட்டிக் காட்டியே பேசிக்கொண்டார்கள். கடைக்குப் போனால் திரும்பும் வழியில் உட்கார இடமில்லை, அதனால் மகளைத்தான் அனுப்புகிறேன் என்று பாட்டி என்னிடம் சொன்னார். ஆக, இது வந்து போகிறவர்களின் பாடு மட்டும் இல்லை.

நான் கேட்பது ஒன்றுதான். தெருமுனைகளிலும் படிக்கட்டுகளின் நடுவிலும், காசு கொடுக்காமல் உட்கார பெஞ்சு போடுங்கள்.

செயின்ட் ஜான்ஸ் தேவாலயத்தில் ஊசிக்குதிகால் செருப்போடு உள்ளே விடுவதில்லை. தரை முழுக்கச் சுமார் 400 பளிங்குக் கல்லறைகள். கீறல் விழக் கூடாது. நியாயம்தான். செத்துப்போன வீரர்களின் கல்லுக்கு இத்தனை கரிசனம். உயிரோடு நடக்கிறவர்களின் முழங்காலுக்கு? அதுவும் இந்த ஊரைக் கட்டியவர்கள் யார்? அதே வீரர்கள்தான், நோயாளிகளைப் பேணுவதே கடமை என்று கிளம்பிய செயின்ட் ஜான் சபையினர். கீழே கோட்டைப் பக்கம் 155 மீட்டர் நீளத்துக்கு மருத்துவமனை வார்டு எழுப்பி, வெள்ளிப் பாத்திரத்தில் உணவு பரிமாறியவர்கள். அவர்களுடைய ஊரில் இன்றைக்கு உட்காரவே பில் போடுகிறார்கள். கப்பல் கப்பலாக ஆள் வந்து இறங்க வேண்டும், ஆனால் ஒருவருக்கும் கால் வலிக்கக் கூடாது என்பதுதான் திட்டம் போலிருக்கிறது.

மன்னிக்க வேண்டும். கேட்க வந்த இடத்தில் குத்திக்காட்ட ஆரம்பித்துவிட்டேன். வெள்ளிப் பாத்திரமெல்லாம் வேண்டாம். கடைக்காரர்கள் பிழைப்பில் மண்ணைப் போடச் சொல்லவும் இல்லை. நாற்காலி போட அனுமதி தரும்போது, அதே தெருவில் ஒரு பெஞ்சுக்கும் இடம் ஒதுக்குங்கள் என்றுதான் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

முதல் பெஞ்சை அந்தப் பாட்டி வீட்டுக்கு எதிரே போட்டால் நல்லது. அவர் தூக்கி வந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடுகிறது.

இப்படிக்கு,
மூன்று காபிக்குப் பணம் கட்டிய மகன்