ஆற்றோரத் தெருவுக்கு ஒரு கப்பல்காரனின் நன்றி மடல்

விரிஞ்சிபுரம் அருகே பாலாற்றை ஒட்டிய எங்கள் தெருவின் பெரியவர்களுக்கும், அண்ணன் தம்பிகளுக்கும், அக்காமார்களுக்கும் வணக்கம்.

ஒன்பது மாதக் கடல் வேலை முடிந்து 2022 மார்ச்சில் வீடு வந்தேன். வெள்ளத்தில் என் வீட்டாரைக் காத்ததற்கு வாசல் வாசலாகப் போய் நன்றி சொல்லிவிடலாம் என்றுதான் கிளம்பினேன். மூன்றாவது வீட்டிலேயே தொண்டை அடைத்துக்கொண்டது. கொடுத்த காபியைக் குடித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிட்டேன். அதனால்தான் இந்த மடல்.

அரசன் இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று நம் வேலூரைக் கேலி பேசுவார்கள். கோட்டைக் கோயிலுக்கு 1981-இல் ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துவிட்டார். ஆறு மட்டும் மணலாகவே கிடந்தது. நான் கிரிக்கெட் பழகியதும் சைக்கிள் பழகியதும் அந்த மணலில்தான். ஆகவே 2021 நவம்பரில், "ஆற்றில் தண்ணீர் வருகிறது" என்று என் மனைவி செய்தி அனுப்பியபோது, "பாப்பாவைக் கூட்டிப்போய்க் காட்டு" என்று பதில் எழுதினேன். அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் கூசுகிறது. அதன்பிறகு இரண்டு நாள் வீட்டிலிருந்து ஒரு சொல்லும் வரவில்லை.

அப்போது எங்கள் கப்பல் ஜப்பானை விட்டு அமெரிக்காவின் மேற்குக் கரையை நோக்கிப் பசிபிக்கின் நடுவில் போய்க்கொண்டிருந்தது. கார் ஏற்றும் கப்பல். "கார் ஓட்டும் வேலையா?" என்று தெருவில் பலர் கேட்டிருக்கிறீர்கள். இல்லை. ஓட்டி ஏற்றுவது துறைமுகத்து ஓட்டுநர்கள். பின்பக்கத்துச் சாய்தளம் வழியாக ஒவ்வொன்றாக உள்ளே வரும். 200 மீட்டர் நீளத்தில், பன்னிரண்டு அடுக்கு வைத்த ஜன்னல் இல்லாத கட்டடம் ஒன்று மிதந்தால் எப்படி இருக்கும்? அதுதான் எங்கள் கப்பல். ஆறாயிரம் கார்களுக்கு மேல் பிடிக்கும். பக்கத்துக் காருக்கும் இதற்கும் ஒரு சாண் இடைவெளி இருக்காது. கீறல் விழக்கூடாது என்பதால் மோதிரம், கடிகாரம், இடுப்பு பெல்ட் எதுவும் அணியாமல் ஒருக்களித்து நுழைந்து போவோம். ஒவ்வொரு காரையும் தளத்துத் துளைகளோடு பெல்ட் போட்டு இறுக்கியிருப்பார்கள். காருக்கு நான்கு பெல்ட் என்றால் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். கடல் புரட்டும்போது அவை தளர்ந்துவிடாமல் பார்ப்பது எங்கள் பொறுப்பு. ஒரு கார் அவிழ்ந்தால் அது மட்டும் கெடாது, அடுத்ததை இடிக்கும், அது அதற்கடுத்ததை இடிக்கும்.

அந்த இரண்டு நாளும் குனிந்து குனிந்து யாரோ வாங்கப்போகும் கார்களை இறுக்கிக்கொண்டிருந்தேன். என் வீட்டை யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்று தெரியவில்லை. எங்கள் போசன், அதாவது தளத்து ஆட்களுக்குத் தலைவர், பிலிப்பைன்ஸ்காரர், புயலோடு பிறந்து வளர்ந்தவர். கைப்பேசியிலிருந்த மணல் படத்தைக் காட்டி "இதுதான் எங்கள் ஆறு" என்றேன். படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நேரே கேப்டனிடம் கூட்டிப்போனார். கேப்டன் செயற்கைக்கோள் தொலைபேசியை என் கையில் கொடுத்தார். எதிர்முனையில் எடுத்தவர் நம் மிலிட்டரி மாமா. "எல்லாரும் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள். ஆடு உட்பட" என்றார். அவ்வளவுதான், இணைப்பு போய்விட்டது. அன்று இரவு தூங்கினேன்.

நடந்ததை வந்தபிறகுதான் முழுதாகக் கேட்டேன். ஆடுகளை விட்டு வரமாட்டேன் என்று அம்மா திண்ணைத் தூணைப் பிடித்துக்கொண்டாராம். அவரிடம் வாதாடி நேரத்தை வீணாக்காமல் இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நான்கு ஆடுகளையும் தோளில் சுமந்து வந்த தம்பிகளே, உங்களுக்கு முதல் நன்றி. பள்ளிக்கூட வராந்தாவில் என் மகளைத் தன் பிள்ளைகளோடு ஒரே போர்வைக்குள் படுக்கவைத்த எதிர்வீட்டு அக்கா, அவள் இப்போதும் உங்கள் வீட்டில்தான் சாப்பிடுவேன் என்கிறாள், பொறுத்துக்கொள்ளுங்கள். கடன் சீட்டே எழுதாமல் இரண்டு மாதம் அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை கொடுத்த மருந்துக்கடை அண்ணன், கணக்கைச் சொல்லுங்கள், இனியும் மழுப்பாதீர்கள்.

மிலிட்டரி மாமாவுக்கு இரண்டு நன்றி. கப்பல் வேலை வாங்கித் தருகிறேன் என்று ஓர் ஏஜெண்ட் என்னிடம் ஒன்றரை லட்சம் வாங்கிக்கொண்டு மறைந்தபோது ஊரே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பட்டாளத்தில் பழகிய கையெழுத்தில் என் விண்ணப்பங்களை எழுதிக் கொடுத்து, அரசு அங்கீகாரம் பெற்ற நிறுவனமா என்று பார்க்காமல் இனி ஒரு பைசா கொடுக்கக்கூடாது என்று சத்தியம் வாங்கினார். மண்டி வீதியில் லாரிக்குப் பாரம் கட்டிய பெரியவரையும் சொல்லவேண்டும். "இறுக்கினால் மட்டும் போதாது, ஒருமுறை உலுக்கிப் பார்" என்பார். கப்பலில் சேர்ந்த முதல் வாரம் இரண்டாம் அதிகாரி சொன்னதும் அதேதான், ஆங்கிலத்தில்.

இன்னொன்று. 2022 பிப்ரவரி 16-இல், அட்லாண்டிக் கடலில் அசோர்ஸ் தீவுகள் பக்கம் ஃபெலிசிட்டி ஏஸ் என்ற கார் கப்பல் தீப்பிடித்தது. அதிலிருந்த 22 பேரும் தப்பினார்கள். சுமார் 4000 கார்களோடு கப்பல் மார்ச் 1-ஆம் தேதி மூழ்கியது. அது என் கப்பல் அல்ல. ஆனால் கார் கப்பல் என்றால் அம்மாவுக்கு எல்லாம் ஒன்றுதான். செய்தி வந்த நாளிதழை அம்மா கண்ணில் படாமல் மடித்து, அதிலேயே வடை கட்டி விற்றுத் தீர்த்த டீக்கடை அண்ணனுக்கு என்ன சொல்வது? அம்மாவுக்கு இன்றுவரை அந்தத் தீ தெரியாது. இந்த மடலை யாரும் அவருக்குப் படித்துக் காட்டவேண்டாம்.

ஜூலையில் மறுபடி கப்பல் ஏறுகிறேன். அதற்குள் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. ஆடுகளைக் கட்டித் தூக்கிய பச்சை நைலான் கயிறு எங்கள் திண்ணையில் கிடக்கிறது. யாருடையது என்று அம்மாவுக்கு நினைவில்லை. உரியவர் வந்து வாங்கிக்கொள்ளுங்கள். அந்த முடிச்சைப் போட்டவரும் கூடவே வந்தால் நல்லது. இரண்டு நாளாக முயன்று பார்த்துவிட்டேன், என்னால் அவிழ்க்க முடியவில்லை.

அன்புடன்,
உங்கள் தெருக் கப்பல்காரன்