பைலட்டின் கண் முன்னால் என்ன இருந்தது? ஐகாவோவுக்கு ஒரு திறந்த மடல்

உலக விமானப் போக்குவரத்து விதிகளை வகுக்கும் ஐ.நா. அமைப்பான, மாண்ட்ரியலில் இருக்கும் ஐகாவோவின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். காக்பிட் திரைகளில் என்ன தெரிந்தது, பைலட்டுகள் எந்த சுவிட்சைத் தொட்டார்கள் என்பதைப் பதிவு செய்தாக வேண்டும் என்று நல்ல விதி ஒன்று போட்டீர்கள். ஆனால் 2023 ஜனவரி 1 முதல் சான்றுக்கு விண்ணப்பிக்கும் புத்தம் புதிய விமான ரகங்களுக்கு மட்டும் என்று ஏன் நிறுத்திக்கொண்டீர்கள்? இன்றைக்கும் தொழிற்சாலையிலிருந்து வந்துகொண்டிருக்கும் ஏர்பஸ் 320, போயிங் 737 எல்லாம் பழைய ரகங்கள். நாங்கள் ஏறிப் போவது அவற்றில்தான்.

ஏர் பிரான்ஸ் 447 விமான விபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2009 ஜூன் 1, அட்லாண்டிக், 228 உயிர். வேகத்தை அளக்க உதவும் பிட்டோ குழாய்களில் பனி அடைத்து வேகம் தப்பாகக் காட்ட, ஆட்டோபைலட் விலகிக்கொண்டது. அதன்பிறகு வலது இருக்கையில் இருந்த துணை விமானி மூக்கைத் தூக்கிப் பிடித்தார், இறக்கைகள் தூக்குவிசையை இழப்பதைச் சொல்லும் ‘ஸ்டால்’ எச்சரிக்கை ஒரு கட்டத்தில் விடாமல் 54 விநாடி ஒலித்தும் அங்கிருந்த இருவரும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்த நேரத்தில் அவர் எதைப் பார்த்துக்கொண்டிருந்தார்? இரண்டு வருடம் தேடிக் கடலடியிலிருந்து எடுத்த கறுப்புப் பெட்டியில் இடதுபக்கத் திரையின் வேகம் இருந்தது, மாற்றுக் கருவியின் வேகம் இருந்தது. விமானத்தை ஓட்டிக்கொண்டிருந்தவருக்கு நேர் எதிரே இருந்த வலதுபக்கத் திரை காட்டிய வேகம் மட்டும் பதிவாகவே இல்லை! மூக்கை எவ்வளவு தூக்குவது என்று வழிகாட்டும் குறுக்குக் கோடுகள் திரையில் மறைவதும் வருவதுமாக இருந்தன, அவற்றை நம்பித்தான் அவர் தூக்கினாரோ என்னவோ, புலனாய்வாளர்களால் ‘இருக்கலாம்’ என்பதற்கு மேல் சொல்ல முடியவில்லை.

ஆபத்து நேரத்தில் பார்வை ஒரே இடத்தில் ஒட்டிக்கொள்ளும் என்பது புதிய செய்தி இல்லை. 1972 டிசம்பர் 29 இரவு, மயாமி அருகே ஈஸ்டர்ன் 401-இல் முன்சக்கரம் இறங்கியதைக் காட்டும் ஒரு சின்ன பல்பு எரியவில்லை. அதைக் கழற்றி மாட்டுவதிலேயே எல்லார் கவனமும் போக, 2,000 அடியில் நிறுத்தியிருந்த விமானம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியதை யாரும் பார்க்கவில்லை. உயரம் குறைகிறது என்று ஒரு மணி ஒலித்தது, அதுவும் காதில் ஏறவில்லை. 101 பேர் போனார்கள். இது நமக்குத் தெரியக் காரணம், அவர்கள் அந்த பல்பைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தார்கள், குரல் பதிவானது. ஆனால் எல்லாரும் பேசிக்கொண்டே இருக்க மாட்டார்கள். பதற்றம் ஏற ஏற வாய் அடைத்துப்போகும்.

நான் கேட்கும் பதிவுக்கு ஒரு வழி, கருவிப் பலகையைப் படம் பிடிக்கும் கேமரா. அது கண் எங்கே போனது என்று நேராகச் சொல்லாதுதான். கண்ணுக்கு எதிரே என்ன இருந்தது, கை எங்கே போனது என்பதைச் சொல்லும். சிமுலேட்டரில் அதே திரைகளை அப்படியே கொண்டுவந்து, கண் அசைவைப் பதியும் கருவியோடு மற்ற பைலட்டுகளை உட்காரவைத்துப் பார்க்க அது போதும். அமெரிக்காவின் விபத்து விசாரணை அமைப்பான என்டிஎஸ்பி இந்தக் கேமராவை 2000-லேயே கேட்டது, பிரான்சின் விமான விபத்து விசாரணை அமைப்பான பிஇஏ, 447 விசாரணையின்போது உங்களிடமே கேட்டது.

பைலட் சங்கங்களின் பயம் எனக்குப் புரிகிறது. காக்பிட் பேச்சே டிவிக்குப் போய்விடுகிறது, படம் போகாதா? நியாயமான கேள்வி. அதனால் முகம் வேண்டாம், பலகையும் கையும் தெரிந்தால் போதும். விபத்து விசாரணை தவிர வேறு எதற்கும், முக்கியமாக நிறுவனத்தின் ஒழுங்கு நடவடிக்கைக்கு, அதைத் தொடக்கூடாது என்று கறாராக எழுதுங்கள். இதையும் சொல்லியாக வேண்டும்: 2025 ஜூனில் அகமதாபாத் விபத்துக்குப் பிறகு, முதற்கட்ட அறிக்கையின் இரண்டு வரி உரையாடலை வைத்துக்கொண்டு, பதில் சொல்ல முடியாத இரண்டு பைலட்டுகளை ஊரே விசாரித்தது. படம் இல்லாததால் அவர்களுக்கு எந்தப் பாதுகாப்பும் கிடைக்கவில்லை.

குரல் பதிவை 2 மணி நேரத்திலிருந்து 25 மணி நேரமாக நீட்ட உங்களால் முடிந்தது. அப்புறம் இதற்கு என்ன தடை? ரகம் பழையதோ புதியதோ, இனி கட்டப்படும் ஒவ்வொரு பெரிய பயணிகள் விமானத்துக்கும் இந்தப் பதிவு கட்டாயம் என்று விதியைத் திருத்துங்கள். ஏற்கெனவே பறப்பவற்றில் எப்போது பொருத்துவது என்று ஒரு தேதி குறியுங்கள்.

இப்படிக்கு,
ஒரு விமானப் பயணி