கப்பலில் ஏறிய கோச்சி

பலெர்மோ, சிசிலித் தீவு, இத்தாலி

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் கடிதம் கிடைத்து ஒரு மாதத்துக்கு மேலாகிறது, சாட்டுச் சொல்ல மாட்டேன். தங்கச்சி தனியாக யாழ்தேவி ரயிலில் கொழும்புக்குப் போய் வந்தாளாம். என்னிடமும் ஒரு கோச்சிக் கதை இருக்கிறது.

பாஸ்போட் புதுப்பிக்க றோமுக்குப் போய், இரவுக் கோச்சியில் திரும்பினேன். படுக்கைப் பெட்டியும் உண்டு. எனக்கு இருந்துகொண்டு வருவதுதான் பிடிக்கும். விடியப்புறம், தீவுக்கு இக்கரையிலிருக்கிற விலா சான் ஜொவானியில் நித்திரை முறிந்து பார்த்தால், வண்டியைத் துண்டு துண்டாகக் கழற்றிக் கப்பலின் வயிற்றுக்குள் தள்ளுகிறார்கள்! உள்ளே தண்டவாளம் பதித்திருக்கிறது. 1964 புயலுக்கு முந்தி, தலைமன்னாரில் கோச்சியால் இறங்கிக் கப்பலேறி, தனுஷ்கோடியில் மற்றக் கோச்சி பிடித்த கதையை அம்மப்பா சொல்வாரே. இங்கே இறங்கவே தேவையில்லை. கடலைக் கடக்க அரை மணித்தியாலம்தான். கழற்றிப் பூட்டத்தான் நேரம் போகும்.

முன் இருக்கையில் ஒரு பலெர்மோ ஆச்சி. விடாப்பிடியாக என்னை மேல்தட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே ஒரு சோற்றுருண்டை விற்கிறார்கள். உள்ளே இறைச்சியும் பட்டாணியும், வெளியே எங்கள் றோல்ஸ் போலத் தூள் பிரட்டிப் பொரித்தது. உறைப்பு மருந்துக்கும் இல்லை. ஆச்சி 'அரஞ்சீனா' என்று கேட்க, கடைக்காரன் 'அரஞ்சீனோ' என்று திருத்த, பெரிய வாய்த்தர்க்கம். அது பலெர்மோவில் பெண்பால், மெசினாப் பக்கம் ஆண்பாலாம்! காசை ஆச்சியே கொடுத்துவிட்டார். நான் கேட்கவில்லை, அம்மா.

அக்கரையில், மெசினாத் துறைமுக வாசலில் உயரத் தூண் ஒன்றில் பொன்னிற மாதா சிலை. பெயரே கடித மாதா. இந்த ஊருக்கு மாதா ஒரு கடிதம் எழுதினாராம். "மாதாவே எழுதியிருக்கிறார். நீ உன் அம்மாவுக்கு எப்போது எழுதினாய்?" என்று ஆச்சி கேட்டார். மிச்ச உருண்டையைக் கடதாசியில் சுற்றிப் பொக்கற்றுக்குள் வைத்தேன். பலெர்மோ வரும்வரை எங்கள் கிணற்றடியும், நீங்கள் புட்டுக்குத் தேங்காய் துருவுகிற சத்தமும்தான். ஆறு வருசம், அம்மா.

சரி. இந்த மாதக் காசு பத்தாம் திகதிக்குப் பிறகுதான் வரும், வங்கியில் ஏதோ தாமதம். யோசிக்க வேண்டாம். தங்கச்சியின் சாதகத்தைப் பெரிய மாமாவிடம் கொடுக்காதீர்கள், ஊரெல்லாம் காட்டுவார். கிழக்கு வேலி அடைக்கிற அன்று சின்ன மாமாவைக் கட்டாயம் நிற்கச் சொல்லுங்கள். போன முறை வேலிக் கதியால் ஒரு முழம் உள்ளே வந்ததை நான் மறக்கவில்லை. காணி உறுதி தகரப்பெட்டியில், என் பள்ளிக்கூடக் கொப்பிகளுக்குக் கீழே இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்