புதியவருக்கும் ஒரு முகம் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடந்த ஞாயிறு தங்கள் வாரமலரின் சினிமாப் பக்கத்தில், விஞ்ஞானப் புனைகதைப் படங்களில் ஒரு நடிகையின் பாத்திரத்தை இன்னொரு நடிகைக்குக் கொடுப்பது பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். அது ரசிகருக்குச் செய்யும் துரோகம் என்கிறார் கட்டுரையாளர். மேட்ரிக்ஸ் படங்களில் வரும், எதிர்காலம் சொல்கிற ஒராக்கிள் என்ற பாத்திரத்தை அதற்கு முதல் உதாரணமாகக் காட்டுகிறார். கடைசிப் பந்தியில், இனி அந்தக் கவலை வேண்டாம், கணினி வந்துவிட்டது, மறைந்தவரின் முகத்தையே திரும்பக் கொண்டுவரலாம் என்று ஆறுதலும் சொல்கிறார். துரோகம் என்ற சொல்லைக்கூட நான் பொறுத்துக்கொள்வேன். அந்த ஆறுதலை என்னால் பொறுக்க முடியவில்லை. நான் மட்டக்களப்பு வாவியின் மேற்குப் பக்கமான படுவான்கரையில் நாடகமும் அரங்கியலும் படிப்பிக்கிற ஆசிரியை. கூத்துக்காரர் ஒருவரின் மகள். ஆகவே இதை எழுதாமல் இருக்க முடியாது.

ஒராக்கிளின் விடயத்தைக் கட்டுரையாளர் இரண்டே வரியில் முடித்துவிட்டார். அது இரண்டு வரிக்குரிய விடயம் அல்ல. 1999இல் வந்த முதல் படத்தில் குளோரியா பொஸ்டர் அந்தப் பாத்திரத்தில் நடித்தார். எதிர்காலம் அறிந்த ஒருவரைக் காணப் போகிறோம் என்று நடுங்கிக்கொண்டு வருகிற கதாநாயகன் நியோவுக்கு, குசினியில் பிஸ்கட் சுட்டுக்கொண்டிருக்கும் ஒரு மூதாட்டிதான் எதிர்ப்படுகிறார். அந்த ஒரு காட்சியிலேயே பொஸ்டர் நம் எல்லோருக்கும் சொந்தக்காரியாகிவிட்டார். அடுத்த இரண்டு படங்களும் ஒன்றோடொன்றாகத் தொடர்ந்து எடுக்கப்பட்டவை. இரண்டாம் படத்துக்குரிய காட்சிகளில் நடித்துவிட்டு, 2001 செப்டெம்பர் 29ஆம் திகதி பொஸ்டர் நீரிழிவு நோயால் காலமானார். மூன்றாம் படத்துக்கு மேரி அலிஸ் வந்தார். கட்டுரையில் இந்தப் பெயர் இல்லை. "வேறொரு நடிகை" என்று மட்டும் இருக்கிறது.

யார் அந்த வேறொரு நடிகை? 1987இல் அமெரிக்க மேடை நாடகத்துக்கான டோனி விருது பெற்ற நடிகை. அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. 1995இல் நியூயோர்க்கின் பிரோட்வே மேடையில், நூறு வயதைத் தாண்டிய இரண்டு சகோதரிகளின் வாழ்க்கையைச் சொல்லும் நாடகம் ஒன்று நடந்தது. அந்தச் சகோதரிகளாக நடித்தவர்கள் குளோரியா பொஸ்டரும் மேரி அலிஸும்தான். மேடையில் அக்காவும் தங்கையுமாக இருந்தவர்களில் ஒருவர் போக, அவர் விட்ட இடத்தை மற்றவர் ஏற்றார். இதைத் துரோகம் என்று எழுத எப்படி மனம் வருகிறது?

படம் எடுத்தவர்களும் எதையும் மறைக்கவில்லை. மூன்றாம் படத்தில் நியோ அதே குசினிக்கு வருகிறான். தன்னை அடையாளம் தெரிகிறதா என்று கேட்கிறார் ஒராக்கிள். ஒரு பகுதி தெரிகிறது என்கிறான் அவன். அப்படித்தான், சிலது போய்விடும், சிலது தங்கும் என்கிறார் அவர். கண்ணாடியில் தெரிகிற முகம் தனக்கே இன்னும் பழகவில்லை, ஆனால் இனிப்பின் மேல் உள்ள ஆசை மட்டும் போகவில்லை என்றும் சொல்கிறார். தான் எடுத்த ஒரு முடிவுக்குக் கொடுத்த விலை இது என்று கதைக்குள்ளேயே காரணமும் வருகிறது. இந்தக் காட்சியை உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறேன். முதல் படத்தைப் பார்த்திருந்த பிள்ளைகள் பேச்சின்றி இருந்து பார்த்தார்கள். ஒரு மரணத்தை மூடி மறைக்காமல், அதைக் கதையின் வலியாகவே ஆக்கிக்கொண்ட காட்சி அது. பொஸ்டருக்கு இதைவிடப் பெரிய அஞ்சலியை அந்தப் படத்தால் செலுத்தியிருக்க முடியாது.

இனி எங்கள் ஊர்க் கதைக்கு வருகிறேன். என் தகப்பனார், மட்டக்களப்பின் கூத்து மரபுகளில் ஒன்றான வடமோடிக் கூத்தில் பெண்பாத்திரம் ஆடியவர். பாரதப் போரில் அபிமன்யு இறப்பதைச் சொல்லும் பதின்மூன்றாம் போர் கூத்தை ஆடினால், அவன் தாய் சுபத்திரை அவர்தான் என்பது ஊரில் எழுதாத விதி. எங்கள் பக்கத்தில் கூத்துப் பழகத் தொடங்கும்போது கூத்தைப் பழக்குகிற அண்ணாவியார் நல்லநாள் பார்த்துச் சட்டம் கொடுப்பார். இன்ன பாத்திரம் இன்னாருக்கு என்று தீர்த்து, அவரவர் பாட்டைக் கையில் கொடுக்கிற சடங்கு அது. அப்பாவுக்கு முட்டு வருத்தம் (ஆஸ்துமா) கூடி, விடியும்வரை ஆட முடியாது என்று ஆன வருடம், சுபத்திரையின் சட்டம் வயல் வேலைக்குப் போகிற ஓர் இளைஞனின் கைக்குப் போனது. ஊரில் பலருக்கு அது பிடிக்கவில்லை. அப்பாவுக்கும் கவலை இருந்தது. ஆனால் அவர் வீட்டில் முடங்கிக் கிடக்கவில்லை. ஆடுபவர் பாடுகிற அடியைத் திரும்ப வாங்கிப் பாடும் பிற்பாட்டுக்காரரோடு போய் நின்றுகொண்டார்.

அரங்கேற்றத்தன்று அபிமன்யு போரில் பட்ட செய்தி சுபத்திரைக்கு வருகிற இடம். அப்பா ஆடுகிற காலத்தில், செய்தி காதில் விழுந்த கணமே தலைமுடியை அவிழ்த்து நிலத்தில் அறைந்து கதறுவார். அதைப் பார்ப்பதற்காகவே நித்திரையான சனம் எல்லாம் பாயில் எழுந்து உட்காரும். இந்த இளைஞன் அப்படி எதுவும் செய்யவில்லை. மத்தளம் ஓய்ந்த பிறகும் ஆடுகளமான களரியின் நடுவில் நின்றபடியே நின்றான். கையிலிருந்த வளையல்களை ஒவ்வொன்றாகத் தடவினான். பிறகுதான் புலம்பலின் முதல் அடியை எடுத்தான், அதுவும் மிகத் தாழ்ந்த குரலில். அவரைப்போல வருமா என்று அதுவரை என் பக்கத்திலிருந்து முணுமுணுத்துக்கொண்டிருந்த ஒரு கிழவி, முந்தானையை எடுத்து வாயில் பொத்திக்கொண்டாள். வழமையாக உச்சக்குரலில் வாங்கிப் பாடுகிற அப்பா, அந்த அடியை அவனுடைய குரலுக்கே இறங்கி வந்து வாங்கிப் பாடினார்.

அந்த இளைஞனிடம் எவரும் என் அப்பாவின் முகத்தைப் போட்டுக்கொண்டு வா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தத் தாழ்ந்த குரல் எங்களுக்குக் கிடைத்திராது. இது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய வழக்கமும் அல்ல. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் தயாரித்த இராவணேசன் என்ற கூத்து நாடகத்தில் இராவணனாக ஆடியவர், பின்னாளில் பேராசிரியரான சி. மௌனகுரு. பின்னாளில் அவரே மட்டக்களப்பில் அந்த நாடகத்தைப் புதிதாக நெறிப்படுத்தியபோது இளையவர்கள் இராவணனாக ஆடினார்கள். இராவணன் அதனால் குறைந்துபோனானா? தொலைக்காட்சித் தொடர்களிலும் இவருக்குப் பதில் இவர் என்று ஓர் எழுத்தைப் போட்டுவிட்டுத்தானே போகிறார்கள். இரண்டு நாள் குறை சொல்லிவிட்டு எங்கள் பெரியம்மாமார் புதிய மருமகளோடு சேர்ந்து அழத் தொடங்கிவிடுகிறார்கள்.

கட்டுரையாளர் தொட்டுவிட்டுப்போன இன்னொரு படம் பேக் டு த பியூச்சர். 1985இல் வந்த முதல் படத்தில் கதாநாயகனின் காதலி ஜெனிபராக நடித்த குளோடியா வெல்ஸ், தாய்க்குப் புற்றுநோய் என்று தெரிந்ததும் விலகிக்கொண்டார். 1989இல் வந்த இரண்டாம் பாகத்தில் எலிசபெத் ஷூ நடித்தார். முதல் படத்தின் கடைசிக் காட்சியை அவரை வைத்துத் திரும்பவும் எடுத்து, அதையே இரண்டாம் படத்தின் தொடக்கமாக வைத்தார்கள். காரணம் எதுவும் சொல்லப்படவில்லை. ஆனால் ஷூ தன் சொந்த முகத்தோடு வந்தார். தாயின் பக்கத்தில் இருக்கப்போன ஒரு மகளின் இடத்தை இன்னொருத்தி நிரப்பியதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை.

அதே இரண்டாம் படத்தில் நடந்த வேறொன்றைக் கட்டுரையாளர் கவனிக்கவில்லை. கதாநாயகனின் தகப்பனாக முதல் படத்தில் நடித்த கிறிஸ்பின் குளோவர் அதில் நடிக்கவில்லை. ஜெப்ரி வைஸ்மன் என்ற நடிகரைக் கொண்டுவந்து, குளோவரைப் போலவே தெரியும்படி அவர் முகத்தில் ஒப்பனை உறுப்புகளை ஒட்டி நடிக்க வைத்தார்கள். குளோவர் வழக்குப் போட்டார். வழக்கு சமரசத்தில் முடிந்தது. ஒரே படத்தில் இரண்டு ஆள்மாற்றம். ஷூ தானாக நின்றார். வைஸ்மனோ இன்னொருவரின் முகத்துக்குள் அடைக்கப்பட்டார். எது தவறு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

கணினி செய்வதும் இதைத்தான், இன்னும் நுட்பமாக. ஸ்டார் வார்ஸ் வரிசையில் 2016இல் வந்த ரோக் வன் படத்தின் முடிவில் இளவயது இளவரசி லேயா திரும்பிப் பார்க்கிறார். அந்த வரிசையின் முதல் படத்தில் லேயாவாக நடித்த கேரி ஃபிஷருக்கு 1977இல் இருந்த முகம். கட்டுரையாளர் அதைத் தொழில்நுட்ப அதிசயம் என்கிறார். அந்த வெள்ளை உடையை உடுத்திக் கமராவுக்கு முன் நின்றவர் இங்வில்ட் டைலா என்ற நோர்வே நடிகை. திரும்பியது அவர், கையை நீட்டியது அவர், முகம் மட்டும் அழிக்கப்பட்டுவிட்டது. ஃபிஷர் அப்போது உயிரோடு இருந்தார். அவருக்கு அது பிடித்திருந்தது என்று படக்குழுவினர் சொல்லியிருக்கிறார்கள். அது அவருடைய உரிமை, அதில் நான் தலையிடவில்லை. நான் கேட்பது மற்றப் பெண்ணைப் பற்றி. பத்தொன்பது வயது லேயாவாகத் தன் முகத்தோடு நிற்க ஒருத்திக்குச் சந்தர்ப்பம் கிடைத்திருந்தால், கண்ணாடிப் பொம்மை போன்ற அந்தப் பார்வைக்குப் பதிலாக உயிருள்ள பார்வை ஒன்றை நாம் கண்டிருப்போம். அதே வரிசையில் 2019இல் வந்த படத்தில், இளவயது லேயா பயிற்சி பெறுகிற ஒரு சிறு காட்சிக்கு ஃபிஷரின் சொந்த மகள் பில்லி லூர்ட் நின்றார். அவருடைய முகத்தின் மேலும் தாயின் பழைய முகத்தை வைத்தார்கள். பெற்ற மகளைக்கூடத் தன் முகத்தோடு நிற்க விடவில்லை.

2023இல் ஹொலிவூட் நடிகர்கள் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களின் முக்கிய கோரிக்கைகளில் ஒன்று இந்தக் கணினிப் பிரதி பற்றியது: நடிகரின் சம்மதமும் சம்பளமும் இல்லாமல் அவர் உருவத்தைப் பயன்படுத்தக்கூடாது. சம்மதம் கிடைத்தாலும் என் கவலை தீராது. பழைய முகமே என்றைக்கும் வேலைக்கு வருமானால், புதிதாக வருகிற பிள்ளைக்கு எவர் சட்டம் கொடுப்பார்?

எல்லா ஆள்மாற்றமும் நன்றாக அமைந்தது என்று நான் சொல்லவில்லை. 2015இல் எமிலியா கிளார்க் சாரா கானராக வந்த டெர்மினேட்டர் படம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் குறை கதையில் இருந்தது. 2019இல் அந்தப் பாத்திரத்தில் முதலில் நடித்த லிண்டா ஹமில்டனே திரும்பி வந்தபோது, வயது ஏறிய தன் சொந்த முகத்தோடு வந்தார், சுருக்கங்களை மறைக்காமல். அதைப் பார்த்து மகிழ்ந்தேன்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரையில் குளோரியா பொஸ்டரின் படமும் கேரி ஃபிஷரின் படமும் பெரிதாகப் பிரசுரமாகியிருந்தன. மேரி அலிஸின் பெயரோ இங்வில்ட் டைலாவின் பெயரோ ஓர் இடத்திலும் இல்லை. வரும் ஞாயிறு அதே பக்கத்தில் அவர்கள் இருவரின் பெயரையும் படத்தையும், அவர்கள் நடித்த பாத்திரங்களின் விபரத்தோடு பிரசுரியுங்கள்.

இப்படிக்கு,
நாடக ஆசிரியை ஒருவர்,
முனைக்காடு, மட்டக்களப்பு.