கோயில் பின்கட்டில் கொஞ்சம் நிழல் தாருங்கள்

தென்னாப்பிரிக்கா, டர்பன் தமிழ்க் கோயில்களின் நிர்வாகப் பெரியோர்களுக்கு,

வணக்கம். நான் சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவள். செடியின் சிறு துணுக்கைப் பாட்டிலில் வளர்த்துப் பெருக்குகிற திசு வளர்ப்புக் கூடம் ஒன்றில் பல வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறேன். நன்கொடை கேட்டு இதை எழுதவில்லை. அழிந்துவருகிற மூலிகைகளின் நாற்றுகளை வைத்துப் பார்த்துக்கொள்ள, உங்கள் வளாகத்தில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், பத்தடிக்குப் பத்தடி நிழல் கேட்கிறேன்.

வார்விக் மேம்பாலத்து மூலிகைச் சந்தையைப் பார்த்திருப்பீர்கள். பட்டையும் கிழங்கும் வேரும்தான் அங்கே குவிந்து கிடக்கும், இலை குறைவு. இலையைக் கிள்ளினால் செடி மறுபடி தழைக்கும். கிழங்கைத் தோண்டினால் செடியே போய்விடும். சுற்றிலும் பட்டை உரித்த மரம் நின்றபடியே காய்ந்துவிடும். சளிக்கும் இருமலுக்கும் ஜூலு மக்கள் மெல்லுகிற இந்துங்குலு, அதாவது காட்டு இஞ்சி, நம் மஞ்சளின் குடும்பம்தான். தோண்டித் தோண்டியே க்வாசுலு-நட்டால் காடுகளில் அது ஏறக்குறைய இல்லாமல் போய்விட்டது. காரமான பட்டைக்காக உரிக்கப்படுகிற இசிபாஹா மரமும் அழியும் ஆபத்தில் இருக்கிறது. சந்தையில் உட்கார்ந்து விற்கிற பெண்கள்மேல் எனக்குக் கோபமில்லை. அவர்கள் வீட்டு அடுப்பு அதில்தான் எரிகிறது. விற்பதற்கு வளர்த்த கிழங்கு கிடைக்க வேண்டும், அவ்வளவுதான்.

காட்டு இஞ்சியைக் கூடத்தில் பெருக்கலாம். கிழங்கின் முளை ஒன்றைக் கிருமி நீக்கி, சர்க்கரையும் உப்புச்சத்தும் வளர்ச்சி ஊக்கியும் கலந்த அகாரில், அதாவது கடற்பாசிக் கூழில், பாட்டிலுக்குள் வைத்தால் பக்கத்தில் தளிர்கள் வெடிக்கும். அவற்றைப் பிரித்துப் பிரித்து வைக்க, ஒன்று நூறாகும்.

சேதமெல்லாம் அதற்குப் பிறகுதான். பாட்டிலுக்குள் எப்போதும் ஈரக்காற்று. அதில் வளர்ந்த இலைக்கு மேல்மெழுகு சரியாகப் படிந்திருக்காது. இலைத்துளைகளுக்கு மூடிக்கொள்ளத் தெரியாது. வெளியே எடுத்த கொஞ்ச நேரத்தில் துவண்டுவிடும். வெதுவெதுப்பான தண்ணீரில், வேர் அறாமல், அகாரைக் கழுவ வேண்டும். துளி ஒட்டியிருந்தாலும் அந்தச் சர்க்கரையில் பூசணம் ஏறும். பிறகு மணல் கலந்த மண்ணில் நட்டு, பிளாஸ்டிக் உறையால் மூடி, நாளுக்குக் கொஞ்சமாக உறையைத் திறந்து பழக்க வேண்டும். சில வாரம் யாராவது தினமும் பார்க்க வேண்டும். கூடத்தில் அதற்கு ஆளும் இல்லை, இடமும் இல்லை. ஒரு நீண்ட வார இறுதியில் பார்க்க ஆளில்லாமல் ஒரு தட்டு நாற்று முழுவதும் கருகியதை நான் கண்ணால் பார்த்தேன். இன்றும் மனசு ஆறவில்லை.

உங்களிடம் ஆள் இருக்கிறது. புரட்டாசி முழுக்கக் கோயிலுக்குச் சனம் வருகிறது. இங்கே புரட்டாசி வசந்த காலம். காட்டு இஞ்சி தூக்கம் கலைவதும் அப்போதுதான். ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன்: குளிர்காலத்தில் அதன் இலை மொத்தமும் காய்ந்துவிடும். செத்துவிட்டது என்று தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள், கிழங்கு உள்ளே உயிரோடு இருக்கும்.

இசிபாஹாவுக்குப் பாட்டில் தேவையில்லை, போத்து வெட்டி வைத்தும் வளர்க்கலாம். அதன் இலையிலும் பட்டையின் காரம் உண்டு. இலையைப் பறித்துப் பயன்படுத்தப் பழகினால் மரத்தை உரிக்க வேண்டியதில்லை. வளாக ஓரத்தில் இரண்டு வையுங்கள். தாய்ச்செடி காட்டிலிருந்து வேண்டவே வேண்டாம். நம் சாட்ஸ்வொர்த்திலேயே சில்வர்கிளென் மூலிகை நாற்றங்கால் இருக்கிறது, நகராட்சியுடையது. அங்கே கேளுங்கள்.

"நம் கோயிலில் ஜூலு மூலிகை எதற்கு?" என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார். டர்பனில் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பாக இருந்த மேகசின் பாராக்ஸில் இருந்தபோது என் ஆயாவுக்கு இருமல் வந்தால், பக்கத்தில் வேலைக்கு வந்த ஜூலு அம்மா ஒரு துண்டு இந்துங்குலு கொடுப்பார். ஆயா அதை மிளகோடு தட்டிப் போட்டுக் கொதிக்க வைப்பார். அந்த வாசம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. எங்கள் வீட்டில் அதை யாரும் அயல் மருந்து என்று சொன்னதில்லை.

ஆடி முடிவதற்குள் எந்தக் கோயில் இடம் தருகிறது என்று சொல்லுங்கள். உறை, மணல், தொட்டி நான் கொண்டுவருகிறேன். முதல் மாதம் காலையில் நானே வந்து பார்த்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
சாட்ஸ்வொர்த்திலிருந்து உங்கள் சகோதரி