கழற்ற வழி சொல்லாத ஹேர் எக்ஸ்டென்ஷன் பெட்டி: ஒரு புகார்

அனுப்புநர்:
ஆர்டர் பதிவில் உள்ள பெயர், முகவரி
கோயம்புத்தூர்

பெறுநர்:
குறைதீர்ப்பு அலுவலர்
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: சூட்டில் சுருங்கும் குழாய் வகை ஹேர் எக்ஸ்டென்ஷன் பெட்டி – கழற்றும் முறை பற்றிய தவறான வழிகாட்டல் – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல் தொடர்பாக.

ஐயா / அம்மா,

வணக்கம். கடந்த ஜனவரி 11 அன்று உங்கள் இணையக் கடையில் 7,499 ரூபாய் செலுத்தி மேற்கண்ட பெட்டியை வாங்கினேன். 18 அங்குல நீளமுள்ள 60 முடிக்கற்றைகள், 80 குழாய்கள், கம்பிக் கொக்கி ஒன்று, சூடாக்கும் இடுக்கி ஒன்று, நான்கு பக்கத் துண்டுச்சீட்டு ஒன்று ஆகியவை வந்து சேர்ந்தன. எதுவும் உடைந்திருக்கவில்லை, எதுவும் குறையவும் இல்லை. என் புகார் அந்தச் சீட்டின் நான்காம் பக்கத்தைப் பற்றியது.

என்னைப் பற்றி ஒரு செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கண்ட்ரோல் பேனல் செய்யும் ஒரு பட்டறையில் பதினொரு ஆண்டுகளாக வயரிங் வேலை பார்க்கிறேன். நீங்கள் முடிக்கு விற்கும் இந்தக் குழாயை நாங்கள் வயருக்குப் போடுகிறோம். ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் என்போம். ஒரு நாளில் என் கையில் இருநூறு ஸ்லீவாவது சுருங்கும். உங்கள் பெட்டியைத் தேர்ந்தெடுத்ததற்கே அதுதான் காரணம். தெரிந்த பொருள்தானே என்ற தைரியம்.

மாட்டும் வேலை நன்றாகவே நடந்தது. அண்ணன் திருமணத்துக்கு இரண்டு நாள் முன்பு அக்கா எனக்குப் போட்டுவிட்டாள். குழாயைக் கொக்கியில் கோத்து, தலைமுடியில் மெல்லிய கற்றை ஒன்றை அதன் வழியே இழுத்து, நீள முடியின் குச்சிபோன்ற நுனியை உள்ளே செருகி, இடுக்கியால் சில நொடிகள் பிடித்தால் போதும். குழாய் சுருங்கும், உள்சுவரில் பூசிய பசை இளகி இரண்டு முடியையும் கவ்விக்கொள்ளும். அறுபதும் முடிய நான்கரை மணி நேரம் ஆனது. உச்சந்தலையில் ஒரு குழாய்கூட வெளியே தெரியவில்லை. பந்தியில் பரிமாறிய பெரியம்மாவே அசல் முடி என்று நம்பினார். இந்தப் பாராட்டு உங்களுக்கு உரியது, மறைக்க விரும்பவில்லை.

மூன்று மாதம் வரை வைத்திருக்கலாம், அதுவரை வேரில் எண்ணெய் படக் கூடாது என்று சீட்டு சொன்னது. சனிக்கிழமைதோறும் நல்லெண்ணெய் தேய்த்துக் குளிக்கும் வீட்டில் அதைக் கடைப்பிடிக்க என்ன பாடுபட்டேன் என்பதை என் அம்மாவிடம்தான் கேட்க வேண்டும். ஆனாலும் கடைப்பிடித்தேன்.

ஏப்ரல் கடைசி ஞாயிறன்று கழற்ற உட்கார்ந்தோம். நான்காம் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: ‘குழாயை மீண்டும் சூடாக்கவும். அது விரிந்து தளர்ந்ததும் முடிக்கற்றையை உருவி எடுக்கவும்.’

விரியாது. இந்தக் குழாய் எப்படிப் பிறக்கிறது என்று உங்கள் தொழில்நுட்பப் பிரிவில் யாரையாவது கேளுங்கள். பாலியோலெஃபின் போன்ற பிளாஸ்டிக்கைச் சிறிய குழாயாக வார்த்து, கதிர்வீச்சு பாய்ச்சி அதன் மூலக்கூறுச் சங்கிலிகளை ஒன்றோடொன்று பிணைக்கிறார்கள். பிறகு சூடாக்கி, பெரிதாக இழுத்து, இழுத்த நிலையிலேயே குளிரவைக்கிறார்கள். நாம் சூடு காட்டும்போது அது தன் பழைய சிறிய அளவுக்குத் திரும்புகிறது. அதைத்தான் சுருங்குவது என்கிறோம். சுருங்கியதை இன்னும் சூடாக்கினால், பாக்கி இருந்தால் இன்னும் கொஞ்சம் சுருங்கும், இல்லையென்றால் கருகும். பதினொரு ஆண்டில் ஹீட் கன் காட்டி விரிந்த ஸ்லீவ் ஒன்றை நான் பார்த்ததில்லை. இவ்வளவும் தெரிந்திருந்தும், முடிக்கென்று தனியாக ஏதோ செய்திருப்பார்கள் என்று சீட்டை நம்பினேன். அது என் தவறு.

இரண்டு மணி நேரத்தில் ஏழு கழன்றன. நான்கு அசையவே இல்லை. வலி தாங்காமல் என் முடியோடு சேர்த்துக் கத்தரிக்கச் சொன்னேன். காதுக்குப் பின்னால் விரற்கடை நீளத்தில் நான்கு குச்சங்கள் இப்போது நட்டுக்கொண்டு நிற்கின்றன.

கத்தரித்த ஒன்றைப் பட்டறைக்குக் கொண்டுபோய் உருப்பெருக்கி விளக்கின் கீழ் வைத்துப் பார்த்தேன். குழாயின் இரண்டு வாயிலும் பசை பிதுங்கி, கடுகளவு வளையமாக உறைந்திருந்தது. அதற்குள் பத்துப் பதினைந்து முடிகள் புளியில் சிக்கிய நார் போலப் புதைந்திருந்தன. பேனல் வேலையில் இந்த வளையத்தைக் கண்டால் மகிழ்வோம். தண்ணீர் புகாது, ஸ்லீவ் சரியாகப் பிடித்திருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம். அப்படிப்பட்ட ஸ்லீவை யாரும் முழுதாகக் கழற்ற முயல்வதில்லை. பிளேடால் நீளவாக்கில் கீறிப் பிரித்துவிடுவோம். தலையில் பிளேடு வைக்க முடியாது. அப்படியானால் இதற்கு வேறு வழி வேண்டும். அந்த வழியைத்தான் நீங்கள் விற்கவில்லை.

உங்கள் சேவைப் பிரிவை மூன்று முறை அழைத்தேன். முதல் முறை, இன்னும் அதிக நேரம் சூடாக்கச் சொன்னார்கள். இரண்டாம் முறை, 649 ரூபாய்க்குத் தனியாக விற்கும் கழற்றும் திரவத்தை வாங்கச் சொன்னார்கள். உங்கள் இணையப் பக்கத்திலேயே அது கெரட்டின் என்ற புரதப் பசையால் ஒட்டும் வகைக்கானது என்று எழுதியிருக்கிறது. பிளாஸ்டிக் குழாயை அது என்ன செய்யும் என்று கேட்டேன். பதில் இல்லை. மூன்றாம் முறை அழைத்தபோது, என் புகார் ‘தீர்க்கப்பட்டது’ என்று முடித்துவைக்கப்பட்டிருந்தது. தீர்ந்தது யாருக்கு என்று தெரியவில்லை.

மீதி 49 குழாய்களையும் எங்கள் பகுதி அழகு நிலையத்து அக்கா ஒருவர் மூன்று மணி நேரத்தில் எடுத்துக்கொடுத்தார். கட்டணம் 2,500 ரூபாய். அவர் செய்ததை எழுதுகிறேன். நான்காம் பக்கத்துக்கு உதவும். இடுக்கியால் மூன்று நான்கு நொடி மட்டும் சூடு காட்டினார். பசை இளகிய அந்தக் கணத்திலேயே தட்டை மூக்குக் குறடால், குழாய் தட்டையாகி இருந்த பக்கத்துக்குக் குறுக்காக மெல்ல அழுத்தினார். முதலில் ஒட்டுமுடியை மட்டும் உருவினார். பிறகு வேர்ப்பக்கத்தை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டு, வெறும் குழாயை நுனிப்பக்கமாக வழித்தெடுத்தார். கடைசியாக ஒரு துளி எண்ணெய், வால் சீப்பு. தேவைப்பட்டது ஒரு குறடும் நான்கு வாக்கியங்களும்தான்.

கழற்றியபின் கை நிறைய முடி வந்தது. அதில் பெரும்பகுதிக்கு உங்களைக் குறை சொல்ல மாட்டேன். யாருக்கும் நாளுக்கு 50 முதல் 100 முடி வரை இயல்பாகவே உதிரும். குழாய்க்குள் மாட்டியவை விழ வழியில்லாமல் மூன்று மாதமாக அங்கேயே தங்கியிருந்தன. இதையும் சீட்டில் ஒரு வரி எழுதியிருந்தால் என் அக்கா அன்று அழுதிருக்க மாட்டாள். என் கணக்கு கத்தரித்த நான்கு கற்றைகளும், இடுக்கி பட்டுப் பொசுங்கிய முடியும் மட்டுமே. அந்த இடுக்கியில் சூட்டைக் குறைக்கும் திருகு எதுவும் இல்லை. பட்டறையின் வெப்பமானியை அதன் நுனியில் வைத்தேன். 214 டிகிரி செல்சியஸ் காட்டியது. உச்சந்தலைக்கு ஒரு சென்டிமீட்டர் தள்ளி அதை எத்தனை நொடி பிடிக்கலாம் என்று சீட்டில் ஒரு சொல் இல்லை.

என் அம்மாயியிடம் ஒரு சவுரி இருந்தது. விசேஷ வீட்டிலிருந்து திரும்பியதும் அதை அவிழ்த்து ஆணியில் மாட்டிவிட்டுத்தான் காபி குடிப்பார். கழற்ற ஒரு நிமிடம் ஆகாது. அவ்வளவு எளிமையை உங்களிடம் எதிர்பார்க்கவில்லை.

நான் கேட்பது: பெட்டியின் விலை 7,499 ரூபாயும், கழற்றிய செலவு 2,500 ரூபாயும் சேர்த்து 9,999 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். நான்காம் பக்கத்தைத் திருத்தி அச்சிட வேண்டும். ஏற்கெனவே இந்தப் பெட்டியை வாங்கியவர்களுக்கும் அந்தத் திருத்தத்தை அனுப்ப வேண்டும். மூன்றாவதை விட்டுவிட்டுப் பணத்தை மட்டும் தந்தால் ஏற்க மாட்டேன். இந்த வாரமும் யாரோ ஒருவர் கண்ணாடி முன் உட்கார்ந்து, குழாய் விரியும் என்று காத்திருப்பார்.

2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்; ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். தவறினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும், பிறகு கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடுவேன். நான் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்க 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் வழக்குக் கட்டணமும் இல்லை.

ரசீது நகல், அழகு நிலைய ரசீது, வெப்பமானி காட்டிய அளவின் படம் ஆகியவற்றோடு, முடியோடு கத்தரித்த நான்கு குழாய்களையும் ஒரு சிறு உறையில் வைத்து விரைவு அஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். உங்கள் சீட்டில் உள்ளபடியே அவற்றைச் சூடாக்கிப் பாருங்கள். நான்கில் ஒன்று விரிந்தாலும் இந்தப் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்
கோயம்புத்தூர்